மஞ்சளும் புற்றுநோயும்: இருநூறாண்டு ஆராய்ச்சி வரலாறு

மஞ்சள் புற்றுநோயைக் கரைத்துவிடும் என்னும் பேச்சு இன்று எங்கும் பரவி நிற்கிறது. மருந்துக் கடைகளிலே மஞ்சட் சத்து மாத்திரைகள் புட்டி புட்டியாக விற்பனையாகின்றன. நோயாளியைப் பார்க்கச் செல்கிறவர் பழங்களோடு அப்புட்டி ஒன்றையும் வாங்கிச் செல்கிறார். கேட்டால், "விஞ்ஞானிகளே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்பார். விஞ்ஞானிகள் கண்டதுதான் என்ன? எந்த ஆண்டில், எவ்விடத்தில், எதன்மேல் சோதித்துக் கண்டனர்? இவ்வினாக்களுக்கு விடை வருவதில்லை. மாணவர்க்கு உடல்நலப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர்க்கும், வீட்டிலே நோயாளியை வைத்துப் பேணுவோர்க்கும் அவ்விடை தெரிந்திருத்தல் வேண்டும். ஆதலின் அவ்வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

நிறத்திலிருந்து தொடக்கம்

மஞ்சட் கிழங்கிற்குப் பொன்னிறம் தரும் பொருளை 1815 இல் பிரெஞ்சு நாட்டில் வோகல், பெல்லெத்தியே என்னும் இருவர் பிரித்தெடுத்து, அதற்குக் குர்குமின் என்று பெயரிட்டனர். அவர்கள் எடுத்தது முற்றும் தூய பொருள் அன்று; பிசினும் எண்ணெயும் கலந்திருந்தது. எனினும் முதலடி எடுத்து வைத்த பெருமை அவர்களையே சாரும். இந்தப் பெல்லெத்தியே தோட்டத் தமிழர்க்கு மற்றொரு வகையிலும் உறவானவர். 1820 இல் கவந்து என்பவரோடு சேர்ந்து சின்கோனா மரப்பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தவர் இவரே. மலாயாக் காடுகளை அழித்து இரப்பர் நட்ட காலத்தில், மலேரியாக் காய்ச்சலுக்குப் பலியாகாமல் எஞ்சியோரைக் காத்ததில் அக்கசப்பு மருந்துக்குப் பெரும்பங்கு உண்டு. தாவரத்திலிருந்து மருந்து பிறக்கும் என்பதற்கு நம்மவர் நாவிலேயே சான்று இருந்தது எனலாம்.

குர்குமினின் அமைப்பைக் கண்டறிய மேலும் ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய போலந்து நாட்டு இரசாயன அறிஞர்களான மிலொபென்ஸ்கா அம்மையார், கொஸ்தனெஸ்கி, லாம்பே ஆகிய மூவரும் 1910 இல் அதனை வெளியிட்டனர். கரியணு 21, ஹைட்ரஜன் அணு 20, ஆக்சிஜன் அணு 6 கொண்ட மூலக்கூறு அது. உலர்ந்த மஞ்சள் தூளில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே அப்பொருள் இருக்கும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னர் உதவும்.

அடுத்த அறுபது ஆண்டுகளில் இரண்டு செய்திகள் குறிப்பிடத்தக்கன. குர்குமின் சில கிருமிகளை வளரவிடாமல் தடுக்கிறது என்று 1949 இல் லண்டனிலிருந்து வரும் "நேச்சர்" இதழில் ஒரு கட்டுரை வந்தது. 1973 இல் இலக்னோ நகரின் மத்திய மருந்து ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீமால், தவான் என்போர், விலங்குகளின் உடலில் வீக்கத்தையும் அழற்சியையும் அது தணிப்பதாக எழுதினர். புண்ணுக்கும் வீக்கத்துக்கும் மஞ்சள் பற்றுப் போட்ட பாட்டிமார் கண்ட உண்மைக்குச் சோதனைச்சாலையின் முத்திரை அன்று கிடைத்தது. புற்றுநோயைப் பற்றி அதுவரை பேச்சில்லை.

நித்திய கல்யாணி தந்த நம்பிக்கை

மஞ்சளைப் புற்றுநோயோடு சேர்த்துப் பார்க்கும் எண்ணம் வெறுமையிலிருந்து தோன்றியது அன்று. அதற்கு வழி திறந்து வைத்தது, மலாய்க்காரர் கெமுந்திங் சீனா என்று அழைப்பதும், நம் வீட்டு வாசல்களிலும் கோயிலோரங்களிலும் தானே முளைத்துப் பூப்பதுமான நித்திய கல்யாணிச் செடியே.

1952 இல் ஜமெய்க்காத் தீவிலிருந்து கனடாவிலுள்ள நோபிள் என்னும் டாக்டர் குடும்பத்துக்கு ஓர் உறையில் 25 இலைகள் வந்து சேர்ந்தன. அவ்விலைகளைக் கொதிக்கவைத்துக் குடித்தால் நீரிழிவு தணியும் என்பது அத்தீவு மக்களின் நம்பிக்கை. இராபர்ட் நோபிள் என்பார் அச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரத்தத்துச் சர்க்கரை குறையவில்லை. ஆனால் வெள்ளணுக்கள் மளமளவென்று குறைந்தன. வெள்ளணு கட்டின்றிப் பெருகுவதே இரத்தப் புற்றுநோய். அப்பெருக்கத்தை நிறுத்தும் பொருள் இவ்விலைக்குள் இருக்கிறது என்று அவர் உய்த்துணர்ந்தார். சார்ல்ஸ் பீர் என்னும் இரசாயன அறிஞரோடு சேர்ந்து பிரித்தெடுத்த அப்பொருளை 1958 இல் உலகுக்கு அறிவித்தார். அதுவே வின்பிளாஸ்டின். அதே செடியிலிருந்து பின்னர் எடுக்கப்பட்ட வின்கிரிஸ்டின் 1963 இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட அதனால் இரத்தப் புற்றுநோயிலிருந்து பிழைத்த குழந்தைகள் பலர்.

இம்மருந்து வேலை செய்யும் வகை அறியத்தக்கது. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, உள்ளிருக்கும் மரபுப் பொருளை இருபுறமும் இழுத்துச் செல்ல நூல்போன்ற இழைகள் தோன்றும். அவ்விழைகள் உருவாகாதபடி வின்கிரிஸ்டின் தடுத்துவிடும். பிரிய முடியாத அணு மடியும். புற்றணுவானாலும் நல்ல அணுவானாலும் பிரிகின்ற எதையும் அது தாக்கும்; நரம்புகளையும் வாட்டும். ஆகையால் இரத்தக் குழாய் வழியே, அளந்து, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே அது செலுத்தப்படுகிறது. நித்திய கல்யாணி இலையைக் கிள்ளித் தின்றால் நஞ்சாகும். செடியிலே மருந்து இருப்பது வேறு. செடியே மருந்தாவது வேறு. இவ்வேறுபாட்டை மறந்ததால்தான் மஞ்சள் வரலாற்றில் குழப்பம் புகுந்தது.

திரிச்சூரில் நடந்த சோதனை

கேரளத்தின் திரிச்சூர் நகரிலுள்ள அமலா புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இராமதாசன் குட்டனும் அவர்தம் துணைவரும் மஞ்சளை எடுத்துச் சோதித்து, 1985 இல் கட்டுரை வெளியிட்டனர். கண்ணாடிக் கலத்தில் இருந்த நிணநீர்ப் புற்றணுக்களின்மேல் மஞ்சட் சாற்றை விட்டபோது, அரை மணி நேரத்துக்குள் அவை மடிந்தன. சாற்றில் வேலை செய்யும் பொருள் குர்குமினே என்றும் அவர்கள் கண்டனர். சுண்டெலிகளின் உடலில் கட்டி வளர்வதும் குறைந்தது. உலகெங்கும் இன்று பேசப்படும் "மஞ்சளும் புற்றுநோயும்" என்னும் கதைக்கு இதுவே பிள்ளையார் சுழி.

அக்கட்டுரையிலேயே இருக்கும் ஒரு குறிப்பைப் பலர் படிக்காமல் விட்டுவிடுகின்றனர். அதே அளவுச் சாறு நோயற்ற வெள்ளணுக்களையும் கொன்றது. கலத்திலுள்ள அணுவைக் கொல்ல உப்புநீரும் போதும், சவர்க்காரமும் போதும். கேள்வி அதுவன்று, நல்லணுவை விட்டுப் புற்றணுவை மட்டும் தாக்குமா, தாக்குமிடத்திற்கு உடலுக்குள் போய்ச் சேருமா என்பனவே கேள்விகள்.

1987 இல் அதே குழுவினர் மனிதரிடம் சோதித்த முடிவை வெளியிட்டனர். வெளிப்புறத்தில் புற்றுப்புண் உடைய 62 பேருக்கு மஞ்சட் சாறும் குர்குமின் களிம்பும் பூசப்பட்டன. பத்தில் ஒன்பது பேர்க்குப் புண்ணின் துர்நாற்றம் குறைந்தது. ஏறக்குறைய எல்லார்க்கும் நமைச்சல் தணிந்தது. சிலர்க்கு வலியும் புண்ணின் அளவும் குறைந்தன. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தற்ற களிம்பு பூசிய மற்றொரு குழு அதில் இல்லை. ஆயினும் நாற்றம் பொறுக்காமல் உறவினரே ஒதுங்கி நிற்கும் நோயாளிக்கு அது சிறு நன்மையன்று. அவர்கள் தம் முடிவைப் பெருக்கிச் சொல்லவுமில்லை. பெருக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

கலத்திற்குள் வெற்றி

1990 களில் ஆராய்ச்சி வெள்ளமெனப் பெருகிற்று. உயிரணுவின் உட்கருவில் புகுந்து, "பெருகு, மடியாதே" என்று ஆணையிடும் புரதங்களுள் ஒன்று என்.எப். கப்பா பி. பல புற்றுநோய்களில் இது ஓயாமல் ஆணையிட்டவண்ணம் இருக்கும். குர்குமின் அதனை அடக்குகிறது என்று அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலிருந்து 1995 இல் ஒரு கட்டுரை வந்தது. அதன்பின், பழுதுபட்ட அணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இயல்பைக் குர்குமின் தூண்டுகிறது என்றும், கட்டிக்கு உணவூட்டும் புது இரத்தக் குழாய்கள் தோன்றாமல் தடுக்கிறது என்றும் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. மார்பு, குடல், கணையம், தோல் என எந்தப் புற்றணுவைக் கலத்தில் வைத்தாலும் குர்குமின் அதன் வளர்ச்சியைத் தணித்தது. பிற காய்கறிகளைப் பற்றிய செய்திகளும் இதே காலத்தில் வந்தன. பிராக்கலி என்னும் பச்சைப் பூக்கோசிலுள்ள சல்போராபேன், உடலின் நச்சு நீக்கும் புரதங்களைத் தூண்டுவதை 1992 இல் அமெரிக்காவில் தலாலே என்னும் அறிஞரின் குழு காட்டிற்று.

எதிலும் வெற்றி என்று ஒரு பொருள் தோன்றும்போதுதான் ஆசிரியர் ஐயுறல் வேண்டும். எல்லாக் கேள்விக்கும் சரியான விடை எழுதும் மாணவனின் தாளை இன்னொரு முறை திருத்திப் பார்ப்பது வழக்கமன்றோ? 2017 இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்ரின் நெல்சன் அம்மையாரும் துணைவரும் அவ்வாறே திருத்திப் பார்த்தனர். குர்குமின் பல புரதங்களோடு கண்டபடி ஒட்டிக்கொள்ளும். தானே ஒளிவீசிக் கருவிகளை ஏமாற்றும். ஆகவே சோதனையில் வேலை செய்வதுபோலத் தோன்றுவதெல்லாம் வேலை செய்தது ஆகாது என்று அவர்கள் காட்டினர். மனிதரிடம் நடந்த சோதனைகள் 120 க்கு மேல் இருந்தும், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு, இருதரப்பும் அறியாவண்ணம் நடத்தப்பட்ட சோதனை ஒன்றேனும் வெற்றி பெறவில்லை என்பதும் அவர்கள் கணிப்பு. இதற்கு முந்திய ஆண்டு முதலே, ஹூஸ்டனிலிருந்து வெளிவந்திருந்த குர்குமின் கட்டுரைகள் பலவற்றை, அவற்றின் படங்களை நம்புதற்கில்லை என்று கூறி இதழ்கள் திரும்பப் பெறத் தொடங்கியிருந்தன.

வாயிலிருந்து இரத்தத்திற்கு

இத்தனைக்கும், இடையூறு எங்கே என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. 1978 இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் எலிகளுக்குக் குர்குமினை வாய்வழி ஊட்டிப் பார்த்தபோது, நான்கில் மூன்று பங்கு கழிவோடு வெளியேறிவிட்டது. இரத்தத்தில் சேர்ந்தது மிகச் சொற்பம். சேர்ந்த சிறிதையும் குடற்சுவரும் கல்லீரலும் உடனே மாற்றி வெளியேற்றிவிடும். 1997 இல் தைவானில் செய்த மற்றொரு சோதனையில், உடலின் சூட்டில் இரத்தத்தை ஒத்த காரத்தன்மையுள்ள நீரில் குர்குமினைக் கரைத்து வைத்தபோது, அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்து போயிற்று.

பெங்களூரின் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998 இல் கண்டது நம் சமையற்கட்டுக்கு நெருங்கிய செய்தி. குர்குமின் 2 கிராமோடு, மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தால், இரத்தத்தில் சேரும் அளவு பன்மடங்கு கூடிற்று. நூற்றுக்கு 2000 கூடியது என்று இன்று விளம்பரங்களில் காணப்படும் எண் இதிலிருந்து எடுத்ததே. ஆனால் எதிலிருந்து கூடியது? குர்குமினை மட்டும் உண்டவர் இரத்தத்தில் அது கண்டுபிடிக்க முடியாத அளவிலோ, மிக மிகக் குறைந்த அளவிலோ இருந்தது. ஒரு காசு இருபத்தொரு காசானாலும் அது காசுக் கணக்கே, வெள்ளிக் கணக்கு ஆகாது. மேலும், குர்குமினை வெளியேறவிடாமல் நிறுத்துவதுபோலவே பைப்பரின் வேறு சில மருந்துகளையும் உடலில் தங்கவைக்கும். புற்றுநோய்க்கு மருந்து உட்கொள்வோர்க்கு அது தீங்காகலாம்.

அளவைக் கூட்டிப் பார்ப்போம் என்று மருத்துவர் துணிந்தனர். 2001 இல் தைவானில் 25 பேருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் வரை குர்குமின் கொடுத்தும் நஞ்சின் அறிகுறி காணவில்லை. 2008 இல் ஹூஸ்டனில், கணையப் புற்றுநோய் முற்றிய 25 பேர் அதே 8 கிராம் கொண்ட சோதனையில் சேர்ந்தனர். அவர்களில் ஒருவர்க்கு நோய் பதினெட்டு மாதங்களுக்கு மேல் வளராமல் நின்றது. மற்றொருவர்க்குக் கட்டி பெரிதும் சுருங்கி, சிறிது காலத்திலேயே மீண்டும் வளர்ந்தது. ஏனையோர்க்குக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை.

இங்கே முன் சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நூறு கிராம் மஞ்சள் தூளில் குர்குமின் 3 கிராம் என்றால், 8 கிராம் பெற ஏறத்தாழ 267 கிராம் தூள் வேண்டும், அதுவும் நாள்தோறும். ஒருவர் குழம்பு, இரசம், பொரியல் எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று கிராம் மஞ்சள் உண்டால் அதில் கிடைப்பது 60 முதல் 90 மில்லிகிராம். ஆகவே, "நம் சமையலிலேயே மருந்து இருக்கிறது" என்று பெருமை பேசுவோர் சோதனையில் கொடுத்த அளவின் நூற்றில் ஒரு பங்கைப் பற்றியே பேசுகின்றனர். குடல் மட்டும் விதிவிலக்கு. இரத்தத்தில் சேராமல் போகும் குர்குமின் குடலின் உட்புறத்தைத் தொட்டுக்கொண்டே செல்கிறது. ஆதலால் குடற் புற்றுநோயிலே பயன் இருக்கலாம் என்று எண்ணியது நியாயமே.

அந்த எண்ணத்தை நேர்மையாகச் சோதித்தவர் போர்ட்டோ ரிக்கோத் தீவைச் சேர்ந்த மார்சியா குரூஸ் கொரேயா என்னும் மருத்துவ அம்மையார். குடலில் நூற்றுக்கணக்கான சதைமுளைகள் தோன்றி, பின்னர்ப் புற்றாக மாறும் பரம்பரை நோய் ஒன்றுண்டு. அந்நோயுடைய ஐவர்க்குக் குர்குமினையும், வெங்காயத்தில் காணப்படும் குவர்செட்டினையும் கொடுத்து, முளைகளின் எண்ணிக்கை நூற்றுக்கு 60 குறைந்ததாக 2006 இல் அவரும் துணைவரும் எழுதினர். உலகெங்கும் பரபரப்பு. அதோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. 44 நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பாதிக்கு நாள்தோறும் 3 கிராம் குர்குமினும், மறு பாதிக்கு வெற்று மாத்திரையும், யார்க்கு எது என்று கொடுப்பவரும் உண்பவரும் அறியாதபடி ஓராண்டுக்கு ஏற்பாடு செய்தார். 2018 இல் முடிவு வந்தது: இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. தம் பெயரை உயர்த்திய முடிவுக்கு மாறான முடிவையும் தாமே வெளியிட்டார். இவ்வரலாற்றில் மிகுதியாக நினைக்கப்பட வேண்டியவர்களுள் அவ்வம்மையாரும் ஒருவர். அவருடைய 2006 ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்துக் காட்டும் மாத்திரைக் கடைக்காரர்கள் 2018 ஐச் சொல்வதில்லை.

காரட்டு கற்பித்த பாடம்

"பயன் இல்லாவிட்டாலும் தீங்கில்லையே, உண்டால் என்ன?" என்போர்க்கு வேறொரு தாவரப் பொருளின் வரலாறு விடை கூறும். காரட்டிலும் கீரையிலும் உள்ள பீட்டா கரோட்டின் மிகுதியாக உண்போர்க்குப் புற்றுநோய் குறைவு என்று கண்டு, இதனைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று 1981 இல் ரிச்சர்ட் பீட்டோ, ரிச்சர்ட் டோல் முதலிய ஆங்கில அறிஞர் எழுதினர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேர் சோதனையில் சேர்க்கப்பட்டனர். ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கழித்து 1994 இல் முடிவைப் பார்த்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவரிடையே நுரையீரல் புற்றுநோய் நூற்றுக்கு 18 பங்கு கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த மற்றொரு சோதனையில் நூற்றுக்கு 28 பங்கு கூடியதால், 1996 ஜனவரியில் அது 21 மாதம் முன்னதாகவே நிறுத்தப்பட்டது. காரட்டு உண்டவர் நலமாக இருந்தது உண்மை. காரட்டிலிருந்து ஒன்றைப் பிரித்து, அளவு மீறி உண்டபோது அதுவே எதிரியாயிற்று. உணவில் நூறு பொருள்கள் கூடி நிற்கின்றன. காய்கறி மிகுதியாக உண்பவர் பெரும்பாலும் புகைப்பதும் குறைவு, குடிப்பதும் குறைவு.

மஞ்சட் சத்து மாத்திரையிலும் தீங்கு வெளிப்படத் தொடங்கிவிட்டது. 2019 இல் இத்தாலியில் அதனை உண்ட இருபதுக்கு மேற்பட்டோர்க்குக் கல்லீரல் அழற்சி கண்டது. அமெரிக்க மருத்துவர் குழு ஒன்றும் இதுபோன்ற பத்துப் பேரின் நோயை ஆராய்ந்து 2022 இல் வெளியிட்டது. அவருள் ஒருவர் மாண்டார். சிலர் உண்ட மாத்திரையில் மிளகுச் சத்தும் கலந்திருந்தது. சமையலில் சேரும் மஞ்சளை எவரும் குறை கூறவில்லை.

இவற்றினும் பெரிய தீங்கு, மாத்திரையின் உள்ளே இருப்பதனால் விளைவதன்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர், குணப்படுத்தக்கூடிய நிலையிலிருந்த புற்றுநோயாளிகளில், அறுவையும் கதிர் சிகிச்சையும் மருந்தும் வேண்டாம் என்று மறுத்து மாற்று வைத்தியத்தை மட்டும் நாடிய 281 பேரின் குறிப்புகளை எடுத்து, முறையான சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்டனர். 2018 இல் வெளியான அம்முடிவின்படி, மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்க்குச் சாவின் அபாயம் இரண்டரை மடங்கு. மார்புப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல். தொடக்கத்திலேயே கண்டு அறுத்தெடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கக்கூடிய நோய் அது.

ஆராய்ச்சி இன்னும் நிற்கவில்லை. குர்குமினை நுண்ணிய கொழுப்புத் துளிகளுக்குள் அடைத்து இரத்தத்தில் செலுத்தவும், அதன் மூலக்கூற்றைச் சிறிது மாற்றிச் சிதையாதபடி செய்யவும் பல நாட்டுச் சோதனைச்சாலைகளில் முயல்கின்றனர். அவற்றுள் ஒன்று என்றேனும் வின்கிரிஸ்டின்போல மருந்தாகலாம். ஆகுமானால், அது குழம்பிலே கலக்கும் பொருளாக இராது; மருத்துவமனையில் அளந்து கொடுக்கும் மருந்தாகவே இருக்கும். இன்றைய நிலையில், நோயாளி மஞ்சள் மாத்திரை உண்டு வந்தால் அதனைச் சிகிச்சை அளிக்கும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். டாக்டர் கடிந்துகொள்வார் என்று அஞ்சிப் பலர் சொல்லாமலே விட்டுவிடுகின்றனர்.